வேகமும் தேவையும்

பேசவும், செய்தி அனுப்பவும், பாடம் படிக்கவும், பணம் செலுத்தவும் கைப்பேசியைப் பயன்படுத்துகின்ற ஒரு சாதாரணக் குடும்பத்திற்கு, அண்மையில் வந்துள்ள ஐந்தாம் தலைமுறைத் தொலைத்தொடர்பு முறை இன்றியமையாததா? இதுவே இன்று நாம் ஆராயவிருக்கும் கேள்வி. கடைத்தெருவில் தொங்கும் விளம்பரப் பலகை 'ஆம்' என்கிறது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டனார் 'வேண்டியதில்லை' என்கிறார். இரண்டும் காரணம் காட்டாமல் கூறப்படும் விடைகள். கணக்குத் தேர்வில் விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையை எழுதாத மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் அளித்ததில்லை. ஆகவே இக்கேள்விக்கும் வழிமுறையோடு விடை காண முயல்வோம்.

முதலில் 'தலைமுறை' என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு நகரம் முழுவதற்கும் ஒரே உயரமான கோபுரம் நிறுவினால், ஒரு நேரத்தில் மிகச் சிலரே பேச இயலும். ஏனெனில் ஒவ்வோர் உரையாடலுக்கும் ஓர் அலைவரிசை வேண்டும். அலைவரிசைகளோ எண்ணிக்கையில் குறைவு. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பொறியாளர்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். நகரத்தைத் தேன்கூட்டின் அறைகளைப் போலச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, அறைக்கு ஒரு சிறு நிலையம் வைத்தால், ஓர் அறையில் பயன்படுத்திய அலைவரிசையையே சற்றுத் தள்ளியுள்ள மற்றோர் அறையிலும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே அவ்வுபாயம். இன்றைய கைப்பேசித் தொடர்பு முழுவதும் இந்த அடிப்படையின்மீதே நிற்கிறது. அடிப்படை மாறாமல், அலைகளில் செய்தியை ஏற்றும் முறை ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறி வந்திருக்கிறது. அந்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு தலைமுறை என்கிறோம்.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியாளர் நியூயார்க் நகரத் தெருவில் நின்றுகொண்டு, கையில் ஏந்திய தொலைபேசியில் முதன்முதலாகப் பேசினார். 1979இல் டோக்கியோ நகரில் முதல் தலைமுறை வணிக முறையில் செயல்படத் தொடங்கியது. அதில் குரல் மட்டுமே சென்றது. 1991இல் பின்லாந்து நாட்டில் இரண்டாம் தலைமுறை பிறந்தது; குரலை எண்களாக மாற்றி அனுப்பியதால் செலவு குறைந்தது, தெளிவு கூடியது; 1992இன் இறுதியில் முதல் குறுஞ்செய்தியும் சென்றது. 2001இல் ஜப்பானில் மூன்றாம் தலைமுறை வந்து, இணையத்தைக் கைக்குள் கொணர்ந்தது. 2009இன் இறுதியில் ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ ஆகிய நகரங்களில் நான்காம் தலைமுறை தொடங்கிற்று. நகரும் படங்களைத் தடையின்றிக் காண முடிந்தது. 2019 ஏப்ரலில் தென்கொரியாவில் ஐந்தாம் தலைமுறை நாடளாவிய சேவையாக அறிமுகமாயிற்று.

நம் நாட்டில் 1995 ஜூலை 31ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக் ராமுடன் பேசியதே முதல் கைப்பேசி உரையாடல். அந்நாளில் அழைப்பவர் மட்டுமன்றி அழைப்பை ஏற்பவரும் நிமிடக் கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003இல்தான் ஏற்பவர் செலுத்தும் கட்டணம் நீங்கியது. மூன்றாம் தலைமுறை 2008இன் இறுதியில் தில்லியிலும், நான்காம் தலைமுறை 2012இல் கொல்கத்தாவிலும் தொடங்கின. ஐந்தாம் தலைமுறை 2022 அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் நிறுவனங்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புக்கொண்டன. இவ்வளவு பெருந்தொகையைச் செலவிட ஒப்புக்கொண்டவர்கள் அதைத் திரும்பப் பெற வேண்டுமானால், நாம் ஒவ்வொருவரும் புதிய சேவைக்கு மாற வேண்டும். விளம்பரங்களின் குரல் ஏன் அத்துணை உரக்க ஒலிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் குற்றமாகக் கூறவில்லை. விற்பவருக்குத் தம் சரக்கைப் புகழும் உரிமை உண்டு. வாங்குபவருக்கு அளந்து பார்க்கும் கடமை உண்டு.

இனி, புதிய தலைமுறைக்கு வேகம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம். எனவே ஏரியையும் வாய்க்காலையும் எண்ணிப் பாருங்கள். வாய்க்கால் எவ்வளவு அகலமோ அவ்வளவு நீர் ஓடும். அலைவரிசையின் அகலமும் அப்படியே. இரண்டாம் தலைமுறையில் ஒரு வாய்க்காலின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். மூன்றாம் தலைமுறையில் அது 5 மெகாஹெர்ட்ஸ். நான்காம் தலைமுறையில் 20 மெகாஹெர்ட்ஸ் வரை. ஐந்தாம் தலைமுறையில், நடுத்தர அலைவரிசையிலேயே 100 மெகாஹெர்ட்ஸ் வரை விரியலாம். மிக உயர்ந்த அலைவரிசையில் 400 மெகாஹெர்ட்ஸ் வரையும் செல்லலாம். இரண்டாம் தலைமுறையின் வாய்க்காலோடு ஒப்பிட்டால், 100 மெகாஹெர்ட்ஸ் என்பது ஐந்நூறு மடங்கு அகலம். 1948இல் கிளாட் ஷானன் என்னும் அறிஞர், ஒரு தடத்தில் செல்லக்கூடிய செய்தியின் உச்ச அளவு, தடத்தின் அகலத்தையும், இரைச்சலைவிடக் குறிப்பு எத்துணை வலியது என்பதையும் பொறுத்தது என்று கணித முறையில் நிறுவினார். எந்தத் தலைமுறையும் இவ்விதியை மீற இயலாது. அகலத்தைப் பெருக்குவதும், ஒரே இடத்தில் பல வான்கம்பிகளை அடுக்கி ஒவ்வொருவரை நோக்கியும் தனித்தனியே அலைகளைக் குவிப்பதுமே ஐந்தாம் தலைமுறையின் முக்கிய வழிகள்.

அகலமான இடம் எங்கே கிடைக்கும்? தாழ்ந்த அலைவரிசைகளில் ஏற்கெனவே கூட்டம் மிகுதி. ஆகவே உயரே செல்ல வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு சிறு கணக்கு. அலையின் வேகம் விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர். 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். ஒரு முழ அளவுகோலைவிடக் குறைவு. 3,500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. 26 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு மொச்சைக் கொட்டையின் அளவு எனலாம். இந்தியாவில் 2022 ஏலத்தில் ஐந்தாம் தலைமுறைக்கென விற்கப்பட்டவற்றுள் 700 மெகாஹெர்ட்ஸ், 3,300 மெகாஹெர்ட்ஸ், 26 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று வரிசைகளும் இருந்தன. நீண்ட அலை தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அங்கே அகலமான இடம் இல்லை. குறுகிய அலையில் இடம் மிகுதி, ஆனால் அது சுவரிலும் மரத்திலும் தேங்கிவிடும், தொலைவும் செல்லாது. வேகமும் தொலைவும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. இயற்கை இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. ஆகவே, ஐந்தாம் தலைமுறை என்னும் ஒரே பெயரின் கீழ், ஓரிடத்தில் மிகப் பெரிய வேகமும் மற்றோரிடத்தில் நான்காம் தலைமுறையை ஒத்த வேகமும் கிடைப்பதில் வியப்பில்லை.

சரி, நமக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? கைப்பேசியில் பேசும் குரலுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 13 கிலோபிட் போதும்; இது இரண்டாம் தலைமுறையே தந்த அளவு. முகம் பார்த்துப் பேசவோ இணைய வகுப்பில் அமரவோ ஒன்றிலிருந்து மூன்று மெகாபிட் போதும். தெளிவான திரைப்படத்திற்கு ஐந்து மெகாபிட். பெரிய தொலைக்காட்சித் திரையில் மிக நுண்ணிய படம் காண வேண்டுமானால் பதினைந்து மெகாபிட்டும் அதற்கு மேலும் வேண்டும். கடையில் சதுரக் குறியைப் படம் பிடித்துப் பணம் செலுத்துகிறோமே, அதற்குச் சில கிலோபைட் செய்தி போய் வந்தாலே போதும். நன்றாக இயங்கும் நான்காம் தலைமுறைத் தொடர்பு இவை அனைத்தையும் தாங்கும்.

இதை மற்றொரு வகையிலும் காட்டலாம். 20 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடநூலை நீங்கள் கைப்பேசியில் இறக்குவதாகக் கொள்வோம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டு. ஆக 160 மெகாபிட். விநாடிக்கு 40 கிலோபிட் வேகமுள்ள பழைய இரண்டாம் தலைமுறைத் தொடர்பில் இதற்கு 4,000 விநாடி ஆகும். ஒரு மணி நேரத்திற்கும் மேல். 2 மெகாபிட் வேகமுள்ள மூன்றாம் தலைமுறையில் 80 விநாடி. 20 மெகாபிட் வேகமுள்ள நான்காம் தலைமுறையில் 8 விநாடி. 200 மெகாபிட் வேகமுள்ள ஐந்தாம் தலைமுறையில் ஒரு விநாடிக்கும் குறைவு. முதல் மாற்றத்தால் நாம் மிச்சப்படுத்தியது ஒரு மணி ஐந்து நிமிடம்; இரண்டாவதால் 72 விநாடி; மூன்றாவதால் ஏழு விநாடி. வேகம் ஒவ்வொரு முறையும் பத்து மடங்கோ அதற்கு மேலோ பெருகியும், நமக்குக் கிட்டிய பயன் சுருங்கிக்கொண்டே வந்ததைக் காணுங்கள். பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று படித்திருப்பீர்கள். பசித்தவனுக்கு முதல் இட்டிலி அமுதம். எட்டாவது இட்டிலி பாரம். அவ்விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

இவ்விடத்தில் நான் நேரில் கண்ட ஒன்றைக் கூறுவது பொருந்தும். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று தறி நெய்து பிழைக்கிறார். அவருடைய மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். "ஐயா, புதிய கைப்பேசி இல்லாவிட்டால் படிப்பில் பின்தங்கிவிடுவேன் என்கிறாள், வட்டிக்கு வாங்கியாவது கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்," என்று அவர் என்னிடம் வந்தார். நான் அந்தப் பெண்ணிடம், "அம்மா, ஒரு வாரம் கைப்பேசியில் நீ செய்யும் வேலைகளை எல்லாம் ஒரு தாளில் குறித்து வா. எங்கே தடை ஏற்பட்டது, என்ன தடை என்பதையும் எழுது," என்றேன். அவள் நேர்மையாக எழுதி வந்தாள். தடைகள் பதினொன்று. அவற்றுள் ஆறு, வீட்டின் பின்கட்டில் அலை சரியாக எட்டாமையால் நேர்ந்தவை. மூன்று, கைப்பேசியில் இடமின்றிப் படங்களும் பாடங்களும் நிரம்பியதால் நேர்ந்தவை. ஒன்று, மின்கலம் தீர்ந்து போனது. மற்றொன்று, தேர்வு முடிவு வெளியான காலையில் பல்கலைக்கழகத்தின் இணையதளமே திணறியது. புதிய தலைமுறை தீர்த்து வைத்திருக்கக்கூடிய தடை ஒன்றுகூட அத்தாளில் இல்லை. வேண்டாதவற்றை நீக்கி, படிக்கும் மேசையைத் தெருப்பக்கத்துச் சன்னலருகே போட்டதும் பெரும்பாலான தொல்லைகள் தீர்ந்தன. கடன் வாங்கும் பேச்சும் நின்றது. அந்தத் தாளை எழுதியது அவள். விடையைக் கண்டதும் அவளே.

வேகத்தைப் போலவே 'தாமதம்' என்பதைப் பற்றியும் விளம்பரங்கள் பேசுகின்றன. ஐந்தாம் தலைமுறையில் தாமதம் ஒரு மில்லிவிநாடி, அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பர். இது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சில தனிப்பட்ட பயன்களுக்காக, கைப்பேசிக்கும் கோபுரத்திற்கும் இடையிலான பகுதிக்கு வகுத்த இலக்கு அது. கோபுரத்திற்கு அப்பால் செய்தி கண்ணாடி இழைக் கம்பி வழியே செல்கிறது. கண்ணாடியில் ஒளியின் வேகம் விநாடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மும்பைக் கணிப்பொறிக்குச் செய்தி போகவும் மீளவும், வழியில் எங்கும் நில்லாவிட்டாலும், பத்து மில்லிவிநாடி ஆகும். அந்தக் கணிப்பொறி கடல் கடந்து அமெரிக்காவில் இருக்குமானால் நூறு மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். எந்தக் கைப்பேசியை வாங்கினாலும் ஒளியின் வேகத்தை விலைக்கு வாங்க முடியாது. மேலும், ஒரு விளக்கு ஒளிர்வதைக் கண்டு விரலை அசைக்க மனிதனுக்கே இருநூறு மில்லிவிநாடி அளவு தேவைப்படுகிறது. அறுவை செய்யும் இயந்திரக் கைக்கோ, தொழிற்சாலையில் ஓடும் தானியங்கி வண்டிக்கோ அந்தச் சிறு தாமதமும் பெரிது. கடிதம் படிப்பவருக்கு அது ஒரு பொருட்டே அன்று.

புதிய தலைமுறையை முன்னோடியாக ஏற்ற தென்கொரியாவின் அனுபவம் நமக்குப் பயன்படும் பாடம். அங்கு மூன்று நிறுவனங்கள், விநாடிக்கு 20 கிகாபிட் வேகம் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தன. ஆய்வகத்தில் எல்லாச் சூழலும் பொருந்தினால் எட்டத்தக்க இலக்கு அது. மக்களுக்குக் கிடைத்த வேகமோ அதில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. 2023 மே மாதத்தில் அந்நாட்டின் நியாய வணிக ஆணையம், மிகைப்படுத்தி விளம்பரம் செய்தமைக்காக அந்நிறுவனங்களுக்கு மொத்தம் 3,360 கோடி வோன் தண்டம் விதித்தது. மேலும், 28 கிகாஹெர்ட்ஸ் என்னும் மிக உயர்ந்த அலைவரிசையில் தாம் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் நிலையங்களை நிறுவாமையால், 2022 இறுதியில் இரு நிறுவனங்களின் உரிமையையும், 2023இல் மூன்றாவது நிறுவனத்தின் உரிமையையும் அரசு நீக்கிவிட்டது. செல்வமும் தொழில்நுட்பத் திறனும் மிக்க, நெருங்கி வாழும் மக்களைக் கொண்ட ஒரு சிறிய நாட்டிலேயே, குறுகிய அலைகளைத் தெருத்தெருவாக நிறுவுவது கட்டுபடியாகவில்லை என்பதை நினைவிற் கொள்க. எனினும் கொரியர்கள் பெற்ற வேகம் நான்காம் தலைமுறையைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதையும் மறத்தல் கூடாது.

இதுகாறும் கேட்ட நீங்கள், 'அப்படியாயின் ஐந்தாம் தலைமுறை வீண் ஆடம்பரமா?' என்று வினவக்கூடும். அப்படிக் கூறுவது அறிவுடைமை ஆகாது. தனி மனிதனின் தேவை வேறு. ஊரின் தேவை வேறு. ஒருவருக்கு ஐந்து மெகாபிட் போதும் என்றோம். மதுரையில் சித்திரைத் திருவிழாவன்று வைகை ஆற்றங்கரையில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் படம் எடுத்து அனுப்பினால், குறுகிய வாய்க்காலில் நீர் முட்டி நின்றுவிடும். கூட்டத்தில் தவறிப்போன குழந்தையைத் தேடும் தாயின் அழைப்பும் அந்த நெருக்கடியில் சிக்கிக்கொள்ளும். இத்தகைய இடங்களில் அகன்ற வாய்க்காலின் அருமை விளங்கும். ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பத்து இலட்சம் கருவிகளைத் தாங்க வேண்டும் என்பது ஐந்தாம் தலைமுறைக்கு வகுக்கப்பட்ட இலக்குகளுள் ஒன்று. மேலும், சிலர் புதிய வாய்க்காலுக்கு மாறினால் பழைய வாய்க்காலிலும் நெருக்கடி குறையும். ஆகவே, புதிய கைப்பேசி வாங்காதவரும் புதிய கோபுரத்தால் ஓரளவு பயன் பெறுகிறார்.

மற்றொரு பயனும் உண்டு. கண்ணாடி இழைக் கம்பி எட்டாத வீடுகளுக்குக் கோபுரத்திலிருந்தே அகன்ற இணையத் தொடர்பு தரும் சேவை 2023 முதல் நம் நாட்டில் நடைபெற்று வருகிறது. வீட்டில் நால்வர் இருந்து, ஒருவர் வகுப்பிலும், ஒருவர் அலுவலிலும், ஏனையோர் தொலைக்காட்சியிலும் ஈடுபடும் குடும்பத்திற்கு அது உதவும். துறைமுகங்கள், சுரங்கங்கள், பெரும் ஆலைகள் ஆகியவற்றில் மனிதர் செல்ல அஞ்சும் இடங்களில் இயந்திரங்களை இயக்கவும் இம்முறை துணை செய்கிறது. பொறியியல் பயிலும் மாணவர்கள் இதை ஆழ்ந்து கற்க வேண்டும். கற்பதற்கும் வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு. ஆகாய விமானத்தின் இயக்கத்தை அறிய வீட்டிற்கொரு விமானம் வேண்டியதில்லை அன்றோ?

இனி, நாம் மிகவும் கவலை கொள்ள வேண்டிய பகுதிக்கு வருகிறேன். புதிய தலைமுறை வரும்போது பழைய தலைமுறை மூடப்படுகிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இல் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தின. அதை நம்பியிருந்த பழைய கைப்பேசிகளும் வேறு பல கருவிகளும் செயலிழந்தன. நம் நாட்டிலும் மூன்றாம் தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. 2016இல் தொடங்கிய ஒரு பெரிய நிறுவனத்தில் இரண்டாம் தலைமுறைச் சேவை தொடக்கத்திலிருந்தே இல்லை. பொத்தான் வைத்த சிறு கைப்பேசியில் எண்ணை அழுத்தி மகனோடு பேசும் மூதாட்டிக்கு 'தேவை' என்பது அந்தப் பழைய அலை அணையாமல் இருப்பதே. அத்தகையோரும் பணம் அனுப்பவும் பெறவும் இயலும்படி, இணையம் வேண்டாத ஒரு பணப்பரிமாற்ற முறையை இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது. புதுமையை வரவேற்கும் அரசு, பழைமையில் நிற்பவரையும் கைவிடாதிருத்தற்கு இது நல்ல முன்மாதிரி.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்; உங்களிற் பலர் அப்பொழுது சிறுவர்கள். எத்தனையோ வீடுகளில் ஒரே கைப்பேசி இருந்தது. அதையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றார். மலையூர்களில் அலை கிடைக்கும் பாறையைத் தேடி மாணவர்கள் நடந்தனர். அந்நாளில் அவர்களுக்குக் குறைவாயிருந்தது வேகம் அன்று, தொடர்பே குறைவாயிருந்தது. தமிழ்நாட்டில் 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி அக்காலத்தில் பாடங்களை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. ஒலிபரப்பும் ஒளிபரப்பும் ஒருவழிச் சாதனங்கள். ஆயினும், கேட்பவர் பெருகினால் அவற்றின் வேகம் குறைவதில்லை. பழைய சாதனம் என்பதற்காக எதையும் எளிதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அது சான்று.

உழவர்கள் நீர்ப்பாசனத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள்: 'கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?' தலைமடையில் கரை புரண்டு ஓடுவதைக் கண்டு அவர்கள் மகிழ்ந்துவிடுவதில்லை. தொலைத்தொடர்புக்கும் அதே அளவுகோல் பொருந்தும். நகரத்தின் நடுவில் 200 மெகாபிட் வேகத்தை 400 மெகாபிட்டாக உயர்த்துவதால் வாழ்க்கை மாறிவிடாது. ஒன்றுமே இல்லாத ஊரில் நான்கு மெகாபிட் கிடைத்தால், அவ்வூர்ப் பிள்ளை பாடம் கேட்பான். கர்ப்பிணிப் பெண்ணுக்கு அவசர ஊர்தியை அழைக்கலாம். விவசாயி மழை நிலவரத்தை அறிவான். ஏழு விநாடியை மிச்சப்படுத்தும் முதலீட்டையும், ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும் முதலீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இப்பொழுது உங்களுக்குக் கணக்குத் தெரியும்.

ஆகவே, உங்கள் குடும்பத்தில் இக்கேள்வி எழும்போது நான்கு செய்திகளை ஆராயுங்கள். முதலாவது, இப்பொழுதுள்ள கைப்பேசியால் எந்த வேலை தடைப்படுகிறது, அத்தடை அலையால் நேர்ந்ததா, கருவியால் நேர்ந்ததா? இரண்டாவது, நீங்கள் வாழும் இடத்தில், வீட்டிற்குள்ளேயே, புதிய அலை எட்டுகிறதா? அண்டை வீட்டாரின் கைப்பேசியில் பார்த்தாலே இது தெரிந்துவிடும். மூன்றாவது, கையிலுள்ள கருவி பழுதாகிவிட்டதா? பழுதாகியிருந்தால், புதிதாக வாங்கும்போது ஐந்தாம் தலைமுறைக் கருவியையே வாங்குவது முறை; அதன் விலை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்திருக்கிறது; கருவி சில ஆண்டுகள் உழைக்கும்; அதற்குள் புதிய அலை உங்கள் தெருவிற்கும் வரக்கூடும். நான்காவது, அந்தப் பணத்தைக் கொண்டு வேறு எந்தத் தேவையை நிறைவேற்றலாம்? நல்ல கருவியைக் குப்பையில் எறிந்துவிட்டு, வட்டிக்குக் கடன் வாங்கிப் புதியது வாங்குவதற்கு இந்த நான்கில் ஒன்றும் சம்மதம் தராது.

நான் முதலில் கேட்ட கேள்விக்கு என் விடை இது: ஐந்தாம் தலைமுறை நாட்டிற்குத் தேவை, நெருக்கடி மிக்க இடங்களுக்குத் தேவை, சில தொழில்களுக்கு மிகவும் தேவை. நன்றாக இயங்கும் நான்காம் தலைமுறைத் தொடர்பு உள்ள சாதாரண மனிதனுக்கு அஃது இன்று இன்றியமையாததன்று. அவன் கருவி பழுதாகும் காலத்தில் அது தானாக அவன் கைக்கு வந்து சேரும். இவ்விடையை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. ஒரு தாளை எடுங்கள். ஒரு வாரம் குறியுங்கள். கூட்டிக் கழித்துப் பாருங்கள். உங்கள் கணக்கு என் விடையோடு மாறுபடுமானால், உங்கள் கணக்கையே நம்புங்கள். ஆறாம் தலைமுறைக்கான ஆராய்ச்சிகள் இப்பொழுதே நடைபெற்று வருகின்றன. அதுவும் ஒருநாள் விளம்பரப் பலகையில் ஏறும். அன்று நான் இருந்து பேசுவேனோ மாட்டேனோ. இந்தக் கணக்கைப் போடும் பழக்கம் உங்களிடம் இருந்தால் போதும்.